இடது பக்கத்து இரைச்சல்

ராஜபாளையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘டிரங்க் அக்கா’ என்றால் போதும். ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரிகள், மில் மேனேஜர்கள், லாரி ஆபீஸ்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் குரல் தெரியும், முகம் தெரியாது. சாயங்காலம் வேலை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி அவர் டிக்கெட் கேட்டதும், முன் சீட்டில் இருப்பவர் திரும்பிப் பார்த்து, “அம்மா, நீங்களா அது?” என்று எழுந்து இடம் கொடுப்பார். அக்காவுக்கு வெட்கம் வந்துவிடும். அடுத்த நாள் என்னிடம், “பேசாமலே டிக்கெட் வாங்கறதுக்கு ஏதாவது வழி இருக்கா தம்பி?” என்பார்.

நான் அங்கே டெக்னீஷியனாகச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம். பிளக்கைச் செருகி இணைப்புக் கொடுக்கும் போர்டுக்கு முன்னால் உயரமான நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருப்பார். இடது காதில் ஹெட்செட். வலது காது எங்களுக்கு. அந்தக் காதில் பம்பாயைக் கேட்டுக்கொண்டே, இந்தக் காதில் நாங்கள் பேசும் வம்பையும் கேட்டு, நடுவில் ஒரு வார்த்தை பதிலும் சொல்வார்.

நான் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, மதுரை மூணாவது லைன்ல தண்ணி இறங்குது.”

“இல்லக்கா. இப்பத்தான் மீட்டர் வச்சுப் பாத்தேன். நல்லா இருக்கு.”

“மீட்டருக்கு எப்பத் தெரியுமோ தெரியல. எனக்கு இப்பவே கேக்குது.”

நான் அவர் ஹெட்செட்டை வாங்கிக் கேட்டேன். ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தேன். புதிதாக டிரெயினிங் முடித்து வந்திருந்தேன்; மீட்டருக்கு மேல் ஒன்று இருக்கும் என்று நம்பத் தயாராக இல்லை. மறுநாள் காலையில் அந்த லைன் செத்துக் கிடந்தது. வன்னியம்பட்டிப் பக்கம் கேபிள் இணைப்பைத் திறந்தால் உள்ளே தண்ணீர். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, “ஏலே, நாளையில இருந்து மீட்டர வீட்ல வச்சுட்டு வா. அக்கா காது போதும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. டீ வந்தபோது தன் வடையை என் பக்கம் நகர்த்திவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் காதை நான் சந்தேகித்ததே இல்லை. லைனில் என்ன கோளாறு என்றாலும் முதலில் அக்காவிடம் போய் நிற்பேன். “கரகரன்னா கேக்குது? இல்ல, கொதிக்கிற மாதிரியா?” அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சொன்ன இடத்தில் கோளாறு இருக்கும்.

கழிவுப் பஞ்சு வியாபாரம் செய்த ஒரு பாய் தினமும் பதினோரு மணிக்கு பம்பாய்க்குப் பேசுவார். ஒரு நாள் அவர் பேசி முடித்ததும் அக்கா பிளக்கைப் பிடுங்காமலே திரும்பி, “தம்பி, சைக்கிள எடுத்துக்கிட்டு பாய் கடைக்கு ஒரு எட்டுப் போங்க. அவிய மூச்சு சரியில்ல” என்றார்.

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. வெலைதான் பேசுனாரு. ஆனா மூச்சு வார்த்தைக்கு நடுவுல வருது. போங்க, நிக்காதீங்க.”

போனேன். பாய் கல்லாப் பெட்டி மேல் கை ஊன்றி வியர்த்துக்கொண்டிருந்தார். ‘ஒண்ணுமில்லப்பா, வாயுத்தொல்லை’ என்றார். கடைப் பையன்களும் நானும் அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்று அங்கே சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் பாய் வீட்டிலிருந்து அக்காவுக்குப் பேரீச்சம்பழமும் ஒரு தூக்கில் சேமியாவும் வரும். அக்கா அசைவம் சாப்பிடமாட்டார் என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதற்கென்று தனிப் பாத்திரத்தில் செய்து அனுப்புவார்கள்.

பிறகு எஸ்.டி.டி. வந்தது. அவரவரே நம்பரைச் சுழற்றிப் பேசிக்கொண்டார்கள். போர்டைக் கழற்றி எடுத்துப்போனார்கள். அக்காவைப் புகார் பிரிவில் போட்டார்கள். அதிலொன்றும் அவருக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. “இடுப்பு வலி மிச்சம்” என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. அதை நடத்தியவருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. முப்பதை நெருங்கிய பெண். தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தார். பாடப் புத்தகங்களை வாசித்துக் காட்ட ஆள் இல்லை. அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில் பூத்துக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பார். அப்படித்தான் டேப் ரெக்கார்டரில் அவருக்குப் பாடம் வாசித்துக் கொடுக்கும் பழக்கம் தொடங்கியது. வாரம் இரண்டு கேசட். முகலாயர் காலம், மராட்டியர் காலம், நிலவரி முறைகள் என்று அந்த வறண்ட பாடங்களை அக்கா வாசித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

டேப்பில் ஒரு தொல்லை. நடுவில் தெருவில் ஹார்ன் அடித்தாலோ, நாக்கு பிசகினாலோ, பின்னால் ஓட்டி மறுபடி வாசிக்க வேண்டும். கம்ப்யூட்டர் என்றால் அந்த வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்று நான் ஒரு நாள் சொல்லிவைத்தேன். எக்ஸ்சேஞ்ச் எலெக்ட்ரானிக் ஆனபோது எங்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுத்திருந்தார்கள். எனக்கு அதில் பைத்தியம் பிடித்திருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அக்காவுக்கு ஒரு கம்ப்யூட்டரை நானே பாகம் பாகமாகச் சேர்த்துக் கொடுத்தேன். மதர்போர்டிலேயே சவுண்டும் சேர்ந்து வந்தது. தனியாக சவுண்ட் கார்டு வேண்டாம், வாசிப்பதற்கு இது போதும் என்று சொன்னதும் நான்தான்.

அதில் வாசித்துத் திருத்தி, கேசட்டில் ஏற்றிக் கொடுத்தார்; இரண்டு மாதம் நன்றாகப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா என்னை வீட்டுக்கு வரச்சொன்னார். அவரும் அம்மாவும் மட்டும் இருந்த வீடு. அம்மாவுக்குக் காது மந்தம். உள்ளறையில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் பழைய சேலையைச் செருகி வைத்திருந்தார். புழுக்கம் தாங்கவில்லை.

“ஊம்னு ஒரு இரைச்சல் வருது தம்பி. எல்லாத்தையும் நிறுத்தினா நல்லாக் கேக்குது. இடது பக்கம்தான்.”

மதர்போர்டில் சேர்ந்து வரும் சவுண்டில் இரைச்சல் இருப்பது உண்டு. மவுஸை நகர்த்தினாலே சிலதில் கரகரவென்று கேட்கும். அதனால் நான் ஆச்சரியப்படவில்லை. எங்கள் தொழிலில் முதலில் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு லைனில் ஒன்று கெட்டிருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்போம். கோளாறும் கூடவே மாறினால் அது லைனில் இருக்கிறது. மாறாமல் நின்ற இடத்திலேயே நின்றால் கோளாறு லைனில் இல்லை, அதைக் கேட்கும் முனையில் இருக்கிறது.

“ஹெட்ஃபோன திருப்பிப் போட்டுப் பாருங்கக்கா. வலது பக்கத்த இடது காதுல வைங்க.”

அக்கா திருப்பிப் போட்டார். கண்ணை மூடினார். நெடுநேரம் அப்படியே இருந்தார்.

“இப்பவும் இடது காதுலதான்” என்றார்.

அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் என்ன? ஒரு கணம் தெரிந்தது. ஆனால் அது அக்காவின் காது. மதுரை லைனில் சொட்டுத் தண்ணீர் இறங்கியதைக் கேட்ட காது. அதில் கோளாறு என்று நினைப்பதற்கே கூச்சமாக இருந்தது.

“நீங்க கேட்டுப் பாருங்க” என்று ஹெட்ஃபோனை நீட்டினார்.

வாங்கி மாட்டினேன். காற்று மாதிரி மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒன்று இருந்தது. எல்லா மெஷினிலும் இருப்பதுதான். ‘ஊம்’ இல்லை. எவ்வளவு உற்றுக் கேட்டும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாக்கா, கேக்குது” என்றேன்.

அவர் ஹெட்ஃபோனைத் திரும்ப வாங்கி மேஜை மேல் வைத்தார். “அப்போ மதர்போர்டுதான்” என்றார்.

“தனியா ஒரு சவுண்ட் கார்டு போட்டா சரியாயிரும். மதுரைல கிடைக்கும்.”

“பாப்போம்.”

அந்தப் பார்ப்போம் எட்டு மாதம் நீடித்தது. எதையும் சட்டென்று முடிவு செய்கிறவர் அக்கா. அந்தக் கம்ப்யூட்டரையே ஒரே நாளில் முடிவு செய்து வாங்கியவர். கார்டு விஷயத்தில் மட்டும் இழுத்துக்கொண்டே போனார். “இந்தப் புத்தகம் முடியட்டும்” என்பார். முடிந்ததும், “அவளுக்குப் பரீட்சை வருது, இப்பப் போய் மெஷினப் பிரிக்க வேண்டாம்” என்பார். ஒரு நாள் புகார் கவுண்டரில் வைத்துக் கேட்டார்:

“அந்தக் கார்டுலயும் கேட்டா என்ன செய்ய?”

“கேக்காதுக்கா. அது தனி. மதர்போர்டோட கரண்ட் அதுக்குள்ள வராது.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

“சரி. பொறவு பாப்போம்.”

இதற்கிடையில் இரைச்சலைக் குறைக்க நான் வேறு வேலைகள் செய்துகொண்டிருந்தேன். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, புதிதாக எர்த் அடித்தேன். டியூப் லைட்டின் சோக்கை மாற்றினேன். கம்ப்யூட்டரை அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தினேன். ஒவ்வொரு தடவையும் அக்கா, “கொறஞ்சிருக்கு” என்பார். அடுத்த வாரம், “மறுபடி வந்துருச்சு” என்பார். இல்லாத இரைச்சலைத் துரத்துகிறோம் என்ற நினைப்பு எனக்கு அடிக்கடி வந்தது. ஒரு தடவை கேட்குது என்று சொல்லியாயிற்று. இனி எப்படி இல்லை என்பது?

அந்த மாதங்களில் அக்கா புகார் டெலிபோனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்று இறங்கினார். இடது பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் திரும்பவில்லை. இதெல்லாம் நான் பார்த்ததுதான். பார்த்ததைச் சேர்த்து வைத்து யோசித்தது பிறகுதான்.

கடைசியில் அவரே ஒரு நாள், “வாங்கிட்டு வாங்க தம்பி” என்றார். மதுரை போய் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை கார்டைப் பொருத்தினேன். போர்டு சவுண்டை நிறுத்தினேன். நான் முதலில் கேட்டேன். அந்த ‘ஸ்ஸ்’ கூட இல்லை. அவ்வளவு சுத்தம். சந்தோஷமாக ஹெட்ஃபோனை அக்காவிடம் கொடுத்தேன்.

அவர் மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் வாசித்துப் பதிவு செய்தார். போட்டுக் கேட்டார். கழற்றி மடியில் வைத்தார்.

“இருக்கு” என்றார்.

அவர் அந்தப் பக்கத்தைக் கேசட்டில் ஏற்றச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டார். “வாங்க, அவகிட்டக் கேட்டுட்டு வருவோம்.”

பூத்தில் அப்போது கூட்டமில்லை. அந்தப் பெண் கேசட்டை டேப்பில் போட்டுக் காதருகில் வைத்துக் கேட்டார்.

“அக்கா, என்ன செஞ்சீங்க? நீங்க எச்சி முழுங்கறதுகூடக் கேக்குது! அம்புட்டு சுத்தமா இருக்கு.”

“ஏட்டி, நல்லாக் கேளு. பின்னால ஊம்னு ஒரு இரைச்சல் இல்ல?”

மறுபடி கேட்டார். தலையை ஆட்டினார். “இல்லக்கா.”

“முன்ன குடுத்த கேசட்டுல?”

“அதுல ஸ்ஸ்னு காத்து மாதிரி இருக்கும். ஊம்னு எதுவும் இல்ல.”

“ஒண்ணுலயுமா?”

“ஒண்ணுலயும் இல்லக்கா. நீங்க கேக்கவே இல்லியே. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேனே.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போது ஒருவர் வந்து செட்டியார்பட்டிக்குப் பேச வேண்டும் என்றார். நாங்கள் விலகி வழிவிட்டு நின்றோம். அவர் யாரிடமோ மாட்டு விலையைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா அதையே கவனமாகக் கேட்பதுபோல நின்றார்.

மதுரையில் காது டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி. புற்று இல்லை, ஆனால் எடுத்தே ஆக வேண்டும். பம்பாயிலிருந்து அக்காவின் தம்பி வந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் நான் டாக்டரைத் தனியாகப் பார்த்து, எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று கேட்டேன். “கட்டி சின்னதா இருந்திருக்கும். முக நரம்பக் காப்பாத்த வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும். உறுதியாச் சொல்ல முடியாது” என்றார். அந்த ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்பதை வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு ஊருக்குத் திரும்பினேன்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது காது முழுதாகப் போயிற்று. முகத்தின் இடது பாதி தொங்கிவிட்டது. அந்தப் பக்கத்துக் கண் மூடாது; தூங்கும்போது பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். உதடு சேரவில்லை. ‘ப’வும் ‘ம’வும் வர வேண்டிய இடத்தில் காற்று வந்தது. டெலிபோனில் கேட்டுப் பழகியவர்கள் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த குரல் அது. அக்கா நீண்ட விடுப்பில் வீட்டோடு இருந்தார்.

பூத்துக்காரப் பெண் வழி விசாரித்துக்கொண்டு, கோலைத் தட்டி வீட்டுக்கே வந்தார். நானும் அன்று இருந்தேன். “பாதிப் புத்தகம் நிக்குதுக்கா. வாசிங்க. வாய் கோணுனா எனக்கென்ன, எனக்கு மொகமா தெரியுது?” என்றார். அக்கா சிரித்துவிட்டார். பாதி முகம்தான் சிரித்தது. அந்தப் பெண் போனபின் அக்கா உட்கார்ந்து இரண்டு பக்கம் வாசித்தார். போட்டுக் கேட்டார். ஒவ்வொரு வார்த்தையாக வெட்ட ஆரம்பித்தார். ‘ப’ வரும் வார்த்தை, ‘ம’ வரும் வார்த்தை. வெட்டி வெட்டிக் கடைசியில் எதுவும் மிச்சமில்லாமல் போனது. மெஷினை அணைத்துத் துணி போட்டு மூடினார். மீதிப் பாடத்தைப் பாய் வீட்டில் காலேஜ் படித்த மருமகள் வாசித்துக் கொடுத்தார். அந்தப் பெண் எம்.ஏ. தேறினார். தேறிய அன்று இனிப்போடு வந்தபோது அக்கா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு மாலையில் அவரைப் பார்க்கப் போனேன். அம்மா சமையலறையில் இருந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

“அக்கா, அன்னைக்கு நீங்க ஹெட்ஃபோன் குடுத்தப்ப எனக்கு ஒண்ணும் கேக்கல.”

“தெரியும்” என்றார்.

அவர் ஒவ்வொரு வார்த்தையாக, நிதானமாகச் சொன்னார்.

“ஹெட்ஃபோன திருப்பிப் போட்டப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு தம்பி. எத்தன வருசம் லைன் மாத்திப் பாத்திருக்கேன். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். நீங்க கேக்குதுன்னு சொன்னதும் அதக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். கார்டு வாங்கற வரைக்கும் அது மெஷின்லதான இருக்கும்? அதான் வாங்காமலே வச்சிருந்தேன். அவகிட்டயும் அதான் கேக்கல.”

கண்ணில் வழிந்த நீரைத் துணியால் ஒற்றிக்கொண்டார். அது அழுகை இல்லை. மூடாத கண்ணில் எப்போதும் வழிவது. அழுகையாகவும் இருந்திருக்கலாம்.

நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். “மன்னிச்சிருங்கக்கா” என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பி வலது காதை என் பக்கம் கொண்டுவந்தார். “என்ன சொன்னீங்க?”

“ஒண்ணுமில்லக்கா. மழை வர்ற மாதிரி இருக்கு, கெளம்புறேன்னு சொன்னேன்.”

“கொடை இருக்கா?”

“இருக்குக்கா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என்னிடம் குடை இல்லை.